ஸ்போர்ட்ஸ் காரின் விலையோடு சேர்த்துச் சொல்லப்படாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னர் பத்திரிகைகளின் வாகனப் பக்கங்கள் களைகட்டத் தொடங்கியுள்ளன. எரிபொருள் வரிசைகளின் படங்கள் வெளியான பக்கங்களில் இன்று நான்கு செக்கனில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும் கார்களின் படங்கள் வெளியாகின்றன. குதிரை வலு, உச்ச வேகம், விலை ஆகிய மூன்றும் அவற்றோடு தவறாமல் அச்சாகின்றன. அத்தகைய காரை வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும், வன்னியைப் போன்ற ஒரு பிரதேசத்தில் அதை ஓட்டுவதில் என்ன ஆபத்து என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியையும் காணமுடிவதில்லை. கிளிநொச்சியில் வாகனத் திருத்தகம் நடத்துகிறவன் என்ற வகையில், விடுபட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சில விடயங்களை எழுத விரும்புகிறேன்.

வன்னியில் யார் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். காட்சியறையிலிருந்து நேரே இறங்கும் புத்தம்புதிய காரை இங்கே எவரும் வாங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கொழும்புப் பக்கத்தில் இரண்டு மூன்று கை மாறிய, பத்துப் பதினைந்து வயதுடைய கார்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணன் முற்பணத்தை அனுப்புகிறார். மிகுதிக்குத் தம்பி லீசிங் எடுக்கிறார். கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்ற கணக்கு வேறு போடப்படுகிறது. காருக்குக் கொடுக்கப்போகும் தொகை அந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பின்னால் வரிசையாக வரப்போகிறவைதான் தெரிவதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட வரிகள் பற்றித் தங்கள் பத்திரிகை விரிவாகவே எழுதியிருந்தது. 20 வீதச் சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படும் உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டும் கார்களுக்கு ஆடம்பர வரி, இவற்றோடு 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அவை ஏறிச் செல்கின்றன. பெரிய எஞ்சினும் பெரிய விலையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் இந்தப் படிகளில் எதிலுமே தப்புவதில்லை. இந்த வரிகள் வாங்குகிறவரின் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் அவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வருவது வேறு. காருக்கு வயதாக வயதாக அதன் விலை இறங்குகிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலையோ இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது பெரும் செல்வந்தர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட கார், பதினைந்து ஆண்டுகளின் பின்னர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிடலாம். ஆனால் அதன் பிறேக் தட்டும் கிளச்சும் கியர்பொக்ஸும் அந்தச் செல்வந்தரின் கைக்கேற்ற விலையிலேயே இன்றும் இருக்கின்றன. இன்றைய டொலர் விலையில், வரியும் கட்டப்பட்டே வந்து சேருகின்றன. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பராமரிக்க என்ன செலவாகும் என்று அறிய விரும்பினால், நீங்கள் கொடுத்த விலையைப் பார்க்காதீர்கள், அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலை என்று பாருங்கள்.

இலங்கையில் பரவலாகக் காணப்படும் மஸ்டா ஆர்எக்ஸ்-8 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் காருக்கு 1.3 லீற்றர் கொள்ளளவுடைய சுழல் எஞ்சின். கொள்ளளவைக் கேட்டவுடன் சாதாரணக் காரின் எஞ்சின்தானே என்று தோன்றும். ஆனால் அதில் நாம் பழகிய பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவ உருளிகள் இரண்டு சுற்றிச் சுழன்று வேலை செய்கின்றன. ஒவ்வொன்றின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேய்ந்தால் அமுக்கம் குறைந்து, சூடான எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும். அந்த முனைகளை வழுக்கலாக வைத்திருப்பதற்காக எஞ்சின் சிறிதளவு ஒயிலைத் தானே எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒயில் குறைவது பழுதல்ல. அதைப் பார்க்காமல் விடுவதுதான் பழுதுக்கு வழி. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி நிறுத்திவிட்டால் எஞ்சினுக்குள் பெற்றோல் தேங்கி அடுத்த முறை உயிர் பெறாமல் நிற்பதும் உண்டு. அமெரிக்காவில் அந்தக் கம்பனியே இந்த எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 100,000 மைல் வரை நீடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓட்டுவதற்கு அத்தனை இனிமையான கார்கள் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் ஒயில் மட்டத்தைப் பார்க்காமல் ஓட்டிப் பழகிய கைக்கு அது ஏற்றதல்ல என்பதை விற்கிறவர் சொல்வதில்லை.

ஐரோப்பியக் கார்களின் கதை இதைவிடப் பெரியது. 1990களின் ஃபெராரி எஃப்355 காரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற் என்ற றப்பர்ப் பட்டியை மாற்றுவதற்கு முழு எஞ்சினையும் காரிலிருந்து கீழே இறக்கவேண்டும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் றப்பருக்கு வயது போகும். குறைவாக ஓடிய கார் என்பதால் பெல்ற்றும் புதிதாக இருக்கும் என்று நினைப்பது பிழை. புகாட்டி வேய்ரோனின் ஒயில் மாற்றும் செலவே 20,000 அமெரிக்க டொலருக்கு மேல் என்பது உலகம் முழுவதும் பேசப்பட்ட செய்தி. வேய்ரோன் எங்கள் பக்கம் வரப்போவதில்லை. ஆனால் அளவு மாறினாலும் கணக்கின் இயல்பு ஒன்றுதான். கார்பன் செரமிக் பிறேக் பூட்டிய கார் ஒன்றை வாங்கியவர், தட்டுகள் தேய்ந்தபின் நான்கையும் மாற்றவேண்டி வந்தால், அந்தப் பணத்துக்கு வேறொரு காரே வாங்கலாம் என்ற நிலை வருவதுண்டு. இவற்றையெல்லாம் பரிசோதிக்கும் கணினிக் கருவியும் பயிற்சி பெற்ற கைகளும் கொழும்பில்தான் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஓடமுடியாமல் நின்ற காரை லொறியில் ஏற்றி அனுப்பும் கூலி, பழுது என்னவென்று தெரிவதற்கு முன்னரே தொடங்கும் முதலாவது செலவு. அதிலும் இவ்வளவு தாழ்ந்த காரைச் சாதாரண லொறியில் சாய்பலகை வைத்து ஏற்றினால் முன் பம்பர் உடையும். தட்டையாகச் சாயும் தளமுடைய வாகனமே வேண்டும்.

இனி வீதிக்கு வருகிறேன். போருக்குப் பின்னர் ஏ9 வீதி நன்றாகவே அமைக்கப்பட்டது. ஓமந்தையைக் கடந்து புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று நீண்டு நேராகச் செல்லும் அந்தக் கறுப்புத் தாரைப் பார்க்கும் எந்த இளைஞனுக்கும் காலை அழுத்தத் தோன்றும். நகரப்பகுதியில் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதுதான் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம்; அதிவேக நெடுஞ்சாலையில்கூட 100தான். அந்த நெடுஞ்சாலைகளில் எதுவும் வன்னிக்கு வரவில்லை. அதாவது, வாங்கிய குதிரை வலுவின் பெரும்பகுதியைச் சட்டப்படி பயன்படுத்துவதற்கு இங்கே ஓர் அங்குல வீதியும் கிடையாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதற்காக எத்தனை வேகமான வாகனமும் ஓரிடத்தில் நிற்கத்தான் செய்கிறது என்பது ஒன்றே ஆறுதல்.

இரவில் அந்த வீதியில் யார் இருக்கிறார்கள் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டாக்காலி மாடுகள் பகலின் சூடு தாரில் தங்கியிருப்பதால் வீதியின் நடுவே படுத்துக்கொள்கின்றன. கறுத்த மாடும் கறுத்த தாரும் ஒன்றாகிவிடுகின்றன. மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 39 மீற்றர் கடக்கிறது. கண் கண்டு, மூளை அறிந்து, கால் பிறேக்குக்குப் போவதற்கு ஒன்றரைச் செக்கன் என்று வைத்தாலும் 58 மீற்றர் போய்விடும். எதிரே வாகனம் வருவதால் விளக்கைத் தாழ்த்தியிருந்தால் அந்தத் தூரத்துக்கு அப்பால் வெளிச்சமே இல்லை. அதன் பிறகுதான் பிறேக் தன் வேலையைத் தொடங்கும். அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. பிறேக் எத்தனை இலட்சம் பெறுமதியானது என்பது மாட்டுக்குத் தெரியாது.

தாழ்ந்த காரில் இன்னொரு தனி ஆபத்தும் இருக்கிறது. உயரமான வான் மாட்டின் உடலில் மோதுகிறது, முன்பக்கம் நசுங்குகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கோ முழங்கால் உயரத்தில் இருப்பதால் மாட்டின் கால்களைத்தான் தட்டுகிறது. முந்நூறு கிலோ எடையுள்ள உடல் அப்படியே சரிந்து முன் கண்ணாடியின் மேல் வந்து விழுகிறது, அதாவது ஓட்டுநரின் முகத்துக்கு நேரே. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலும் நெடுங்கேணிப் பக்கத்திலும் மாட்டின் இடத்தில் யானை நிற்கும். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்கள் இழுவைப் பெட்டி நிறைய மூடைகளுடன் இருட்டில் அசையும். அந்த உழவு இயந்திரக்காரரின் பக்கமும் பிழை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூற்று நாற்பதில் வந்து அவருடைய பின்புறத்தில் மோதிய பின்னர் பிழை யாருடையது என்று பேசிப் பயனில்லை.

ஏ9 வீதியை விட்டு இறங்கினால் ஆபத்து குறைந்து செலவு கூடும். இத்தகைய கார்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே நான்கு அல்லது ஐந்து அங்குல இடைவெளிதான் இருக்கிறது. முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ளும் வசதி சில கார்களில் உண்டு. அதுவும் நாற்பது மில்லிமீற்றர் அளவில்தான் உயர்த்தும். எங்கள் கிராமத்து வேகத்தடைகள் அந்த அளவையெல்லாம் கேட்டுக் கட்டப்படவில்லை. கிரவல் ஒழுங்கைக்குள் ஒருமுறை போய் வந்த காரை மேலே தூக்கிப் பார்த்தால், அடியில் இருக்கும் நீண்ட பிளாஸ்ரிக் மூடி ஒரு பக்கம் கழன்று தொங்கும், அதன் கிளிப்புகள் பாதி காணாமல் போயிருக்கும், முன் பம்பரின் கீழ் உதடு சீமெந்தில் தேய்த்த நகம்போல வெண்மையாக உராய்ந்திருக்கும், வெப்பம் தணிக்கும் றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சிவப்பு மண் அப்பியிருக்கும். முதல் மூன்றும் கண்ணுக்குத்தான் கேடு. நான்காவது எஞ்சினுக்குக் கேடு. ஏப்ரல், மே மாத வெயிலில் காற்று ஊடுருவமுடியாத றேடியேற்றரோடு, கலியாண வீட்டு வாசலில் குளிரூட்டியை இயக்கியபடி மணமகளுக்காகக் காத்து நிற்கும் காரின் எஞ்சின் சூடேறுவதில் ஆச்சரியம் எதுவுமில்லை.

மாரி காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலமான ரயர் உலர்ந்த வீதியை நன்றாகப் பற்றும். அதே அகலமே தேங்கிய தண்ணீரின் மேல் காரை மிதக்கவிடும். கார் இலேசாகவும் ரயர் தேய்ந்தும் இருந்தால் சொல்லவே வேண்டாம். குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும் நாட்களில் பேருந்தும் உழவு இயந்திரமும் கடந்துபோவதைப் பார்த்து இந்தக் காரையும் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று இழுக்கும் வாய் தாழ்வாக உள்ள காரில் எஞ்சினுக்குள் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் போனால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்ரிங் றொட்தான் வளையும். அந்த எஞ்சினைத் திறந்து திருத்துவதா, வேறு எஞ்சின் தேடுவதா என்பது மட்டுமே பிறகு மிஞ்சும் கேள்வி.

ரயரைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் செலவும் உயிரும் ஒன்றாக இருக்கின்றன. வலுக் கூடிய கார்களின் பின் ரயர்கள் மென்மையான கலவையில் செய்யப்பட்டவை. பதினைந்தாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாமல் முடிந்துவிடுவது வழக்கம். முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு என்பதால் இடம் மாற்றிப் பூட்டித் தேய்மானத்தைப் பகிரவும் முடியாது. அந்த அளவுகளை வன்னியில் எந்தக் கடையிலும் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. ஆகவே வாங்கியவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்: கொழும்பில் பாவித்த ரயர் தேடுகிறார்கள், அல்லது பூ அழியாமல் இருக்கிறதுதானே என்று பழைய ரயரிலேயே ஓடுகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3214 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர் என்று பொருள். எங்கள் திருத்தகத்துக்குக் கொண்டுவரப்படும் கார்களில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இலக்கங்களைத்தான். வீட்டுக்குள் மூடி வைக்கப்பட்டு, விசேட நாட்களில் மட்டும் வெளியே வந்த காரின் ரயர் பார்ப்பதற்குப் புதிதுபோல இருக்கும்; நகத்தால் அழுத்தினால் மரம்போல இறுகியிருக்கும், பூக்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடந்த விபத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரோட்டப் படங்களில் நடித்து எங்கள் இளைஞர்களிடமும் பெரும் புகழ்பெற்ற நடிகர் போல் வோக்கர், நண்பர் ஓட்டிய பொர்ஷே கரேரா ஜிரி காரில் பயணித்தபோது இருவருமே உயிரிழந்தனர். மணிக்கு 45 மைல், அதாவது ஏறக்குறைய 72 கிலோமீற்றர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வீதியில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் சென்றதாக விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஆனால் ரயர்களின் வயது ஒன்பது ஆண்டுகள். அறுநூறு குதிரை வலுவுக்கு மேல் கொண்ட அந்தக் காரில், சறுக்கும்போது தானே திருத்திக்கொள்ளும் மின்னணு உறுதிக் கட்டுப்பாடு இல்லை. ஓட்டியவர் கார்ப் பந்தயத்தில் பழகியவர், வீதி கலிபோர்னியாவின் வீதி, நேரம் பட்டப்பகல். அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல், அந்த வயது ரயரோடு, எங்கள் பிள்ளைகள் பரந்தன் சந்தியிலிருந்து ஆனையிறவுவரை யார் முன்னுக்கு என்று பார்க்கிறார்கள்.

தீயைப் பற்றிச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. இத்தகைய கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், ஒடுக்கமான பெட்டிக்குள், பெரும் வெப்பத்தோடு இருப்பதால் சிறிய குறையும் பெரிய தீயாகக்கூடும். 2010இல் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் சில தீப்பிடித்ததை அடுத்து, சில்லு வளைவில் வெப்பக் கவசத்தை ஒட்டப் பயன்படுத்திய பசையே காரணம் என்று கண்டு, அதுவரை விற்ற 1,248 கார்களையும் அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. 2014இல் சுவிற்சர்லாந்திலும் இத்தாலியிலும் இரண்டு பொர்ஷே 911 ஜிரி3 கார்கள் எரிந்தன. எஞ்சினுக்குள் ஒரு போல்ற் தளர்ந்ததே காரணம் என்று தெரிந்ததும் 785 கார்களின் உரிமையாளர்களை ஓட்டுவதை நிறுத்தச் சொல்லி, அத்தனைக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். 2017இல் லம்போகினி அவென்ரடோர் கார்கள் ஏறக்குறைய 5,900 திரும்ப அழைக்கப்பட்டன. எரிபொருள் தாங்கி நிரம்பியிருக்கும்போது, நிறுத்திய நிலையில் எஞ்சினை உறும விடுவதும், கம்பனி அங்கீகரிக்காத புகைக்குழாயைப் பூட்டியிருப்பதும் தீ அபாயத்தைக் கூட்டும் என்பது அப்போது தெரியவந்தது. மணமகன் இறங்கும்போது காரை நிறுத்தி வைத்து உறும விட்டுக் காணொளி எடுப்பதுதான் எங்கள் கலியாண வீடுகளில் இன்று நடக்கிறது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். புதிய காரை முகவரிடம் வாங்கியவருக்குத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்து சேரும். வேறொரு நாட்டில் பதிவாகி, இங்கே வந்து, மூன்றாவது கையில் இருக்கும் காரின் உரிமையாளரை அந்தக் கடிதம் தேடி வராது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து அவரே கேட்டறிய வேண்டும்.

அடுத்தது காப்புறுதி. மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது எதிராளிக்கான பாதுகாப்பு, உங்கள் காருக்கு அல்ல. முழுக் காப்புறுதியின் கட்டுப்பணம் காரின் பெறுமதியோடு ஏறுவதால், பெறுமதியைக் குறைத்துக் காட்டிக் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்க முயல்கிறவர்கள் உண்டு. இரண்டு கோடி ரூபாய் பெறும் காரை ஒரு கோடிக்குக் காப்புறுதி செய்தால், நாற்பது இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு இருபது இலட்சம்தான் கிடைக்கும் என்ற விகிதக் கணக்கு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும். வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பகுதிகள் இருக்கின்றனவா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது வாடகை விடயம். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரைப் பணத்துக்கு வாடகைக்குக் கொடுத்து, அந்தப் பயணத்தில் விபத்து நேர்ந்தால், ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கூறிக் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். அப்போது காரின் சேதம் மட்டுமல்ல, காயமுற்றவரின் இழப்பீட்டுச் சுமையும் உரிமையாளரின் தலையில் வந்து விழக்கூடும். கலியாண வீட்டுக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்ற கணக்கைப் போட்டுத் தந்தவர் எவரும் இந்தப் பக்கத்தைக் காட்டியிருக்க மாட்டார்.

தவணையின் கணக்கும் அப்படியே. உதாரணமாக, ஒரு கோடி ரூபாயை ஆண்டுக்கு 14 வீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 2,33,000 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை ஒரு கோடியே நாற்பது இலட்சத்தை நெருங்கும். வயலும் சிறு கடையும் உள்ள குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. தொடக்கத்தில் வெளிநாட்டு அண்ணன் அனுப்புவார். அவருக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு மூன்று தவணை பிந்தினால் லீசிங்காரர் காரைத் தூக்கிவிடுவார்கள். அதற்கான கூலியும் நிறுத்தி வைத்த செலவும் கடனோடு சேரும். ஏலத்தில் போன விலை கடனுக்குப் போதாவிட்டால் மிகுதிக்கு வாங்கியவரும் பிணை நின்றவரும் பொறுப்பு. பிணை நின்றவர் பெரும்பாலும் சம்பளச் சீட்டு உள்ள ஓர் ஆசிரியராகவோ கிராம அலுவலராகவோ இருப்பார்; அந்தக் காரில் ஒருமுறை ஏறியும் இருக்கமாட்டார்.

நட்டம் வந்தால் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதற்கும் காரணம் உண்டு. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலை இறங்காமல் ஏறியது. காரை வாங்கி ஓடிவிட்டு வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களை நாம் எல்லோரும் கண்டோம். அதனால் வாகனம் என்றாலே நகையைப்போல ஒரு சேமிப்பு என்று எங்கள் சனங்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எல்லா ஊரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும் சிறிய ஜப்பானிய, இந்தியக் கார்களுக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற முடியாத, உர மூடை ஒன்றும் வைக்க இடமில்லாத காரை வன்னியில் வாங்க ஆள் தேடிப் பாருங்கள். வருகிறவர் கேட்கும் விலையில் உங்கள் அவசரமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கும்.

2022இல் எரிபொருள் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த நாட்களில் பெரிய எஞ்சின் கார்கள் சீலையால் மூடப்பட்டுக் கிடந்தன. தட்டுப்பாடு இல்லாத நாட்களிலும், ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு 98 ஒக்டேன் பெற்றோலே பரிந்துரைக்கப்படுகிறது. எங்கள் உள்வீதிகளின் எரிபொருள் நிரப்பு நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92. குறைந்த ஒக்டேனில் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துக்கொள்ளும். ஆக, வலுவுக்குப் பணம் கொடுத்தவர் அதையும் இழக்கிறார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 ஓடிய மண் இது. அந்தக் கார்களை ஒரு சாவிக்கொத்தும் சுத்தியலும் கொண்டு வீதியோரத்தில் உயிர்ப்பித்த கைகள் இன்னும் எங்கள் திருத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் கணினி அனுமதியாமல் கதவும் திறக்காத காருக்கு முன்னால் அந்தக் கைகளால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு வெட்கம் இல்லை.

ஒருவர் தன் பணத்தில் விரும்பிய காரை வாங்குவதைத் தடுக்க நான் யார்? அழகான பொறியை நேசிப்பதிலும் குற்றமில்லை, நானும் நேசிக்கிறவன்தான். நான் கேட்பது தகவல். தங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் படம் வெளியாகும்போது, அதன் நான்கு ரயர்களின் இன்றைய விலை, பெரிய சேர்விஸ் ஒன்றுக்கான செலவு, அதைத் திருத்தக்கூடிய மிக அருகிலுள்ள இடம், தரையிலிருந்து அதன் உயரம் ஆகிய நான்கையும் குதிரை வலுவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லீசிங் விளம்பரங்களில் மாதத் தவணையோடு மொத்தமாகக் கட்டவேண்டிய தொகையும் தமிழில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று தாங்கள் விளம்பரதாரரிடம் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து தங்கள் பத்திரிகையை வாசிக்கும் உறவுகள், பணம் அனுப்புவதற்கு முன்னர் காரின் படத்தைக் கேட்பதோடு, ரயரில் உள்ள நான்கு இலக்கங்களின் படத்தையும், சேர்விஸ் பதிவையும், காப்புறுதி ஒப்பந்தத்தில் பாவனை என்னவென்று எழுதப்பட்டுள்ள பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். மேலே கேட்ட விபரங்களைத் திரட்டி எழுதித் தருவதற்கு இங்குள்ள திருத்துநர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். தாங்கள் இடம் ஒதுக்கினால் போதும்.

இவ்வண்ணம்,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.